வார்பரினும் நோயாளியின் நம்பிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடத்தில் ஒரு சேர்வை பிரித்தெடுக்கப்படுகிறது, விலங்குகளிற் சோதிக்கப்படுகிறது, வைத்திய உலகம் அதனை ஏற்றுக்கொள்கிறது, அத்துடன் வரலாறும் முற்றுப்பெற்று விடுகிறது. அம்மருந்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நாள்தோறும் விழுங்குவதா விடுவதா என்று தீர்மானிக்கும் மனிதன் இவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஒரு வாரத்தில் உண்டு முடிக்கும் மருந்தைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால், ஆண்டுக்கணக்கிலே, பலருக்கு ஆயுள் முழுவதுமே உட்கொள்ளவேண்டியதும், அளவு குறைந்தால் குருதிக்கட்டியையும் அளவு மீறினால் குருதிப்பெருக்கையும் விளைவிக்கக்கூடியதுமான ஒரு மருந்தின் வரலாற்றை அதனை உண்பவனின் மனத்தை விலக்கிவிட்டு எழுதுதல் இயலாது. குருதியுறைதலைத் தடுக்கும் வார்பரின் அத்தகையதொரு மருந்தாகும். அம்மருந்து பற்றி நோயாளர் கொண்ட நம்பிக்கைகளும், அந்நம்பிக்கைகளை வைத்திய உலகம் காலத்துக்குக் காலம் நோக்கிய விதமும் இங்கு ஆராயப்படுகின்றன.

வார்பரினின் கதை வைத்தியசாலையில் அன்றி மாட்டுப்பட்டியிலேயே தொடங்குகின்றது. 1920களில் ஐக்கிய அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் கால்நடைகள் காரணமின்றிக் குருதி பெருகி இறந்தன. கொம்பு நீக்குதல் போன்ற சிறு காயங்களே உயிர்போகப் போதுமானவையாயின. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விலங்கு வைத்தியராயிருந்த பிராங்க் ஸ்கோபீல்ட், 'இனிப்புக் குளோவர்' என்னும் தீவனப்புல் பூஞ்சணம் பிடித்துப் பழுதடைந்த நிலையில் உண்ணப்படுவதே இதற்குக் காரணம் என எடுத்துக்காட்டினார். பின்னர் வட டக்கோட்டாவிலே லீ றொடரிக், இந்நோயுற்ற விலங்குகளின் குருதியில் புரோத்துரொம்பின் என்னும் உறைதற் பொருள் குன்றியிருப்பதைக் கண்டறிந்தார். ஆயினும் அந்நஞ்சு யாதென்பது அறியப்படாமலே இருந்தது.

1933ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கடும் பனிப்புயலினூடே, எட் கால்சன் என்னும் விவசாயி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் பயணஞ்செய்து விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனப் பேராசிரியரான கார்ல் போல் லிங்கின் ஆய்வுகூடத்தை அடைந்தார். இறந்துபோன ஒரு பசு நாகு, உறையாத குருதி கொண்ட ஒரு பாற்கலன், பழுதடைந்த தீவனப்புல் நூறு இறாத்தல் ஆகியவற்றை அவர் உடன் கொண்டுவந்திருந்தார். அப்புல்லைக் கொடுப்பதை நிறுத்தும்படியும், இயலுமாயின் நல்ல குருதியை ஏற்றும்படியும் கூறுவதன்றி லிங்கினால் அன்று வேறெதுவும் செய்ய முடியவில்லை. எனினும் அச்சம்பவம் தூண்டிய ஆய்வு ஆறு ஆண்டுகளின் பின் பயன் தந்தது. 1939இல் அந்நஞ்சு தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டு, டைகூமரோல் எனப் பெயர் பெற்றது. 1941ஆம் ஆண்டளவில் மனிதருக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதற்கு முன்னரே 1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவரான ஜே மக்லீனின் ஆய்வு வழியாக ஹெப்பரின் அறியப்பட்டிருந்தது. ஆயின் ஹெப்பரின் ஊசி மூலமே செலுத்தப்படுவது. அதன் ஆட்சி தாதியின் கையிலும் வைத்தியசாலைக் கட்டிலிலும் இருந்தது. வாயால் உண்ணத்தக்க டைகூமரோலின் வருகையோடு அவ்வாட்சி நோயாளியின் கைக்கு மாறியது. நோயாளியின் நம்பிக்கை மருந்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காரணியாக மாறிய கட்டம் இதுவே எனலாம்.

இதனையடுத்து நிகழ்ந்ததே வார்பரின் மீது இன்றுவரை நிழலாடும் அச்சத்துக்கு வித்திட்டது. 1945இல் காசநோய்ச் சிகிச்சைக்காக ஓய்விலிருந்த லிங்க், டைகூமரோலின் இனத்தைச் சேர்ந்த சேர்வைகளில் ஒன்றை எலிகளைக் கொல்லப் பயன்படுத்தலாம் என எண்ணினார். ஆய்வுக்கு நிதியுதவிய விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களோடு 'கூமரின்' என்பதன் ஈற்றசையை இணைத்து அதற்கு 'வார்பரின்' எனப் பெயரிடப்பட்டது. 1948இல் அது எலி நஞ்சாகச் சந்தைக்கு வந்தது. 1951இல் ஐக்கிய அமெரிக்கப் படையிற் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞர் தற்கொலை நோக்குடன் 567 மில்லிகிராம் வார்பரினை உட்கொண்டும், விற்றமின் கே, குருதியேற்றம் ஆகியவற்றால் முற்றாகக் குணமடைந்தார். கொல்வதற்கென உண்ணப்பட்ட பொருள், மாற்று மருந்து கையிலிருக்கும் வரையில் கட்டுப்படுத்தத்தக்கது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்றாயிற்று. 1954இல் மனிதருக்கான மருந்தாக அது அங்கீகரிக்கப்பட்டது. 'குமடின்' என்ற வேறொரு வணிகப் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்குள்ளான ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அது கொடுக்கப்பட்டமை அதன் மதிப்பை உயர்த்தியது.

பெயர் மாறினாலும் பிறப்பு மறக்கப்படவில்லை. எலியைக் கொல்வது மனிதனை எங்ஙனம் காக்கும் என்ற வினா அம்மருந்தைப் பெறுவோர் மனத்தில் மீண்டும் மீண்டும் எழுந்து வந்துள்ளது. இவ்வினாவை அறியாமையின் விளைவென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது தருக்கத்துக்குப் புறம்பான வினாவன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழியை அறிந்த சமூகத்துக்கு, அளவோடு நின்றால் நஞ்சும் மருந்தாகும் என்ற அதன் மறுபக்கத்தை விளக்குதல் கடினமான செயலுமன்று. விளக்கப்படாத இடத்திலேதான் அச்சம் வேர்விடுகின்றது.

'இரத்தத்தை ஐதாக்கும் மருந்து' என்ற வழக்கும் இத்தகைய மயக்கத்துக்கு இடமளிக்கின்றது. ஆங்கிலப் பேச்சு வழக்கிலிருந்து பிற மொழிகளுக்கும் பரவிய இத்தொடர் விஞ்ஞான நோக்கிற் பிழையானது. வார்பரின் குருதியின் செறிவை மாற்றுவதில்லை. குருதியுறைதலுக்குத் தேவையான புரதங்களுள் நான்கை ஈரல் முழுமைப்படுத்துவதற்கு விற்றமின் கே வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் டாம் 1929 முதல் கோழிக்குஞ்சுகளில் நடத்திய ஆய்வுகளின் வழியாகக் கண்டறிந்து, 1935இற் பெயரிட்ட விற்றமின் அது. உடல் அவ்விற்றமினை மீளமீளப் பயன்படுத்தும் சுழற்சியை வார்பரின் தடுக்கின்றது. இதனால் உறைதல் தாமதப்படுகின்றதேயன்றிக் குருதி நீர்த்துப் போவதில்லை. ஆனால் குருதியை உடல் வலிமையின் உறைவிடமாகக் கருதும் மக்களிடம், அதனை ஐதாக்கும் மருந்து என்று கூறும்போது, வலிமையையே குறைக்கும் மருந்து என அவர்கள் பொருள்கொள்ளுதல் இயல்பே. களைப்பு ஏற்பட்டபோதெல்லாம் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளும் ஒருவர் தமக்குச் சொல்லப்பட்ட சொல்லின் பொருளுக்கேற்பவே நடந்துகொள்கிறார். இங்கு தவறு நோயாளியிடத்தினும் சொல்லிடத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இம்மருந்தின் இயல்பே நம்பிக்கையைச் சோதிப்பதாகவும் அமைந்துள்ளது. வலிநீக்கி மருந்தை உண்டவர் சிறிது நேரத்தில் அதன் பயனை உணர்கிறார். வார்பரினை உண்பவரோ எதையும் உணர்வதில்லை. அதன் பயன், நிகழாமற் போன ஒரு பாரிசவாதம். நிகழாத ஒன்றை எவரும் காண்பதில்லை. அதன் தீமையோ கண்ணுக்குத் தெரிவது: பல்முரசிற் கசியும் குருதி, சிறிது தட்டுப்பட்டாலும் தோலிற் கன்றும் நீலம். மேலும், ஒரு வேளை மருந்தைத் தவறவிட்டால் அன்றைக்கே எதுவும் நிகழ்வதில்லை; அதன் விளைவு இரண்டு மூன்று நாட்களின் பின்னரே குருதிச் சோதனையிற் புலப்படும். ஆகவே, 'ஒருநாள் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நோயாளி தன் அனுபவத்திலிருந்து பெறும் முடிவு பொய்யான முடிவாயினும், அனுபவத்தை ஆதாரமாகக் கொண்ட முடிவேயாகும்.

அளவீட்டின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. 1935இல் ஆமண்ட் குயிக் குருதி உறையும் நேரத்தை அளக்கும் சோதனை ஒன்றை வெளியிட்டார். ஆனால் சோதனைக்குப் பயன்பட்ட பொருள் இடத்துக்கிடம் வேறுபட்டமையால், ஒரே குருதிக்கு வெவ்வேறு ஆய்வுகூடங்களில் வெவ்வேறு முடிவுகள் கிடைத்தன. உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஏற்றுக்கொண்ட ஐ.என்.ஆர். என்னும் சர்வதேச நியம விகிதமே இக்குழப்பத்தை நீக்கிற்று. பெரும்பாலான நோயாளருக்கு இவ்விகிதம் 2இற்கும் 3இற்கும் இடையில் இருத்தல் வேண்டும். இந்த ஒடுங்கிய எல்லைக்குள் நிற்பதற்காக நோயாளி காலத்துக்குக் காலம் குருதி கொடுத்துச் சோதிக்க வேண்டியவரானார். எண் எல்லைக்கு வெளியே சென்றபோது, 'மருந்தை ஒழுங்காக உண்டீரா?' என்ற கேள்வி முதலில் எழுந்தது. சோதனை அறிக்கை ஒரு வகையில் நோயாளியின் ஒழுக்கத்துக்கு வழங்கப்படும் நற்சான்றிதழாயிற்று.

சிகிச்சைக்குக் கீழ்ப்படியாத நோயாளி பற்றிய முறைப்பாடு புதியதன்று. மருந்தை உண்டதாகப் பொய்யுரைப்போர் குறித்து விழிப்பாயிருக்குமாறு கிரேக்க மருத்துவரான இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியே எச்சரித்துள்ளது. ஆயினும் இதனை முறையான ஆய்வுப் பொருளாக்கியது இருபதாம் நூற்றாண்டே. 1950களில் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த ஹொக்பாம், றோசன்ஸ்ரொக் முதலிய சமூக உளவியலாளர், காசநோய்க்கான எக்ஸ்கதிர்ச் சோதனை இலவசமாகக் கிடைத்தும் மக்கள் ஏன் வருவதில்லை என ஆராய்ந்தனர். தமக்கு ஆபத்து உண்டென்ற எண்ணம், அவ்வாபத்தின் கடுமை பற்றிய எண்ணம், செயலால் விளையும் நன்மை, அதற்குள்ள தடைகள் ஆகியன பற்றிய நம்பிக்கைகளே நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்ற கொள்கை இவ்வாய்விலிருந்து உருவாயிற்று. 1970களில் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சக்கற், ஹெயின்ஸ் ஆகியோர் இத்துறையைப் பெருமளவு விரித்தனர். 1976இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகியது. அவர்கள் கையாண்ட கலைச்சொல் 'இணங்குதல்' என்பதாகும். கட்டளையிடுபவர் வைத்தியர், இணங்குபவர் நோயாளி என்ற உறவு இச்சொல்லிலே தொக்கி நிற்கிறது.

இச்சொல்லுக்கு எதிர்ப்பும் விரைவில் எழுந்தது. 1997இல் பிரித்தானிய அரச மருந்தாளர் சங்கத்தின் அறிக்கை ஒன்று, இணங்குதல் என்பதற்குப் பதிலாக 'உடன்பாடு' என்ற கருத்தை முன்வைத்தது. 1999இல் றொப் ஹோண், ஜோன் வைன்மன் ஆகியோர் ஆஸ்துமா, சிறுநீரக நோய், இருதய நோய், புற்றுநோய் என்பவற்றாற் பாதிக்கப்பட்டோரிடையே நடத்திய ஆய்வில், இம்மருந்து தனக்கு அவசியம் என்ற எண்ணத்தையும் இம்மருந்தால் தீங்கு விளையுமோ என்ற கவலையையும் நோயாளி தராசிலிட்டு நிறுக்கிறார் என்பதும், வயது, கல்வி முதலியவற்றைவிட இந்நிறையே மருந்துண்ணும் ஒழுங்கை வலுவாக உணர்த்துகிறது என்பதும் வெளிப்பட்டன. 2003இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை 'கடைப்பிடித்தல்' என்ற சொல்லையே பயன்படுத்தி, வளர்ச்சியடைந்த நாடுகளிற்கூட நெடுங்கால மருந்துகளை ஒழுங்காக உண்போர் சராசரி 50 சதவீதத்தினரே என எடுத்துரைத்தது. ஆகவே மருந்தைத் தவறவிடுதல் வறியோருக்கோ கல்லாதோருக்கோ மட்டும் உரிய குறையன்று.

வார்பரின் தொடர்பாகவே நிகழ்ந்த சில ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயுடையோரின் பாரிசவாத ஆபத்தை வார்பரின் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கினாற் குறைக்கிறது என்பது 1989இற்கும் 1992இற்கும் இடையில் வெளிவந்த பரிசோதனைகளால் நிறுவப்பட்டது. இத்துணைப் பயன் தரும் மருந்து எவ்வாறு உண்ணப்படுகிறது என்பதை அறிய, மூடியில் இலத்திரன் கருவி பொருத்திய மருந்துக் குப்பிகளை ஐக்கிய அமெரிக்காவில் 136 நோயாளரிடம் கொடுத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. அவர்களுள் 92 சதவீதத்தினர் ஒருமுறையாயினும் குப்பியைத் திறக்கத் தவறினர் அல்லது மிகையாகத் திறந்தனர். 36 சதவீதத்தினர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வேளைகளிற் குப்பியைத் திறக்கவேயில்லை.

இவ்வெண்களைக் கொண்டு நோயாளரே பகுத்தறிவற்றவர் என முடிவுசெய்ய முற்படுவோர், வைத்தியரின் மனத்தை அளந்த ஆய்வுகளையும் நோக்குதல் வேண்டும். கனடாவில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பாரிசவாதத்தைத் தவிர்ப்பதற்காக 100 பேரிடையே இரண்டு ஆண்டுகளில் மேலதிகமாக எத்தனை கடுங் குருதிப்பெருக்குகளை ஏற்கலாம் எனக் கேட்கப்பட்டபோது, நோய்க்கு ஆளாகும் ஆபத்துடையோர் சராசரியாக 17 எனவும் வைத்தியர் 10 எனவும் கூறினர். நாவும் கைகாலும் செயலிழந்து பிறர் தயவில் வாழ்வதை மக்கள் வைத்தியரினும் கூடுதலாக அஞ்சினர். 2006இல் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து வெளியான மற்றோர் ஆய்வு இதனினும் கூர்மையானது. வார்பரின் உண்ட நோயாளி ஒருவர் குருதிப்பெருக்குற்றதைக் கண்ட வைத்தியர்கள், அதன்பின் ஏனைய நோயாளருக்கும் அம்மருந்தை எழுதத் தயங்கினர். ஆனால் வார்பரின் கொடுக்கப்படாத நோயாளி பாரிசவாதமுற்றதைக் கண்டபோது அவர்களது வழக்கம் மாறவில்லை. கண்ணாற் கண்ட தீங்கு மனத்தை அசைக்கிறது. செய்யாமல் விட்டதன் தீங்கு அசைப்பதில்லை. நோயாளியிடம் மூடநம்பிக்கை எனப்படும் அதே மனப்போக்கு வைத்தியரிடம் 'அனுபவம்' எனப் பெயர் பெறுகின்றது.

இலங்கையைப் பொறுத்தவரை இப்பொருள் வெறும் புலமை ஆர்வத்துக்குரியதன்று. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் இருதய வால்வைச் சிதைப்பதனால், இளவயதிலேயே சத்திரசிகிச்சைக்குள்ளாகி உலோக வால்வுடன் வாழ்வோர் இந்நாட்டில் உள்ளனர். 1960இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் அல்பேட் ஸ்ரார், லோவெல் எட்வேட்ஸ் ஆகியோரது முயற்சியால் நடைமுறைக்கு வந்த செயற்கை வால்வு, வார்பரினையும் ஆயுள் முழுவதும் உடன் அழைத்து வந்தது. 2010 முதல் அங்கீகாரம் பெற்ற புதிய மாத்திரைகளுக்கு அடிக்கடி குருதிச் சோதனை தேவையில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றை உலோக வால்வுடையோருக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2012இல் இடைநிறுத்தப்பட்டது. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில், வாதக்காய்ச்சலால் இருதயம் பாதிக்கப்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2022இல் வெளியான பரிசோதனையிலும், புதிய மருந்தினும் வார்பரின் இனத்தைச் சேர்ந்த பழைய மருந்துகளே மரணத்தைக் குறைத்தன. ஆகவே எலி நஞ்சாகப் பிறந்த இம்மருந்து, வறிய நாடுகளின் இளம் நோயாளருக்கு இன்றும் இன்றியமையாததாகவே உள்ளது.

இந்நாட்டு நோயாளி மருந்தைத் தனியே உண்பதில்லை. தம் சமூகத்தின் மருத்துவ எண்ணங்களோடு சேர்த்தே உண்கிறார். ஆங்கில மருந்து சூடு என்பதும், சூட்டைத் தணிக்கக் குளிர்ச்சியான உணவு வேண்டும் என்பதும், ஒரே மருந்தும் கைராசியுள்ள வைத்தியர் கொடுத்தாற் பலிக்கும் என்பதும் பரவலான கருத்துகள். மருந்து ஒருவரது உடலுக்கு ஒத்துவருதல் பற்றியும் வைத்தியரின் கைக்குணம் பற்றியும் இலங்கையர் கொண்ட எண்ணங்களை மானிடவியலாளரான மார்க் நிக்ரரும் கரொலின் நோட்ஸ்றமும் 1989இல் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உணவு பற்றிய அறிவுரை இவ்வெண்ணங்களோடு மோதும் இடம் முக்கியமானது. கீரைகளில் விற்றமின் கே நிறைந்திருத்தலால், வார்பரின் உண்போர் கீரையை அறவே விலக்கவேண்டும் என்ற கருத்து வேரூன்றியுள்ளது. வல்லாரைச் சம்பலும் கீரைக்கறியும் நாளாந்த உணவாகிய வீட்டில் இது பெருந் தண்டனை. விருந்து நாளில் மீறப்படுவதும் அதனாலேயே. உண்மையில் வேண்டுவது விலக்கன்று, ஒரே சீரான அளவே. காரணமின்றி ஐ.என்.ஆர். தளம்பிய நோயாளருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் விற்றமின் கே கொடுத்தபோது அத்தளம்பல் குறைந்ததை 2007இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. தடைசெய்யப்பட்டதெனக் கருதப்பட்ட பொருளே சிறிதளவில் துணைநின்றது.

இவ்விடயத்தில் மிகவும் ஆபத்தான நிலையிலிருப்பவள் உலோக வால்வுடைய இளம் மனைவியாவாள். கருவுற்ற ஆரம்ப மாதங்களில் வார்பரின் சிசுவின் உறுப்பமைவைப் பாதிக்கலாம். மருந்தை நிறுத்தினாலோ வால்வில் குருதிக்கட்டி தோன்றித் தாயே இறக்கலாம். மாத்திரை குழந்தைக்கு ஆகாதென வீட்டார் கூறும் சொல்லில் உண்மையின் ஒரு பாதி உண்டு. அந்தப் பாதி உண்மையைக் கேட்டு அவள் எவருக்கும் சொல்லாது மருந்தை நிறுத்துவாளாயின், அது அவளது உயிருக்கே இறுதியாகலாம். திட்டமிட்டு வைத்தியரிடம் முற்கூட்டியே பேசும் வாய்ப்பு இருந்தால், ஊசிவழி ஹெப்பரின் உள்ளிட்ட வழிகளை ஆராய்ந்து முடிவெடுக்கலாம். அவ்வாய்ப்பு, கேள்வி கேட்டால் ஏச்சு விழும் கிளினிக்கிற் பிறக்காது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறாக வகுக்கும்போது நோயாளியையே முதலில் வைக்கின்றது. அதே நான்கையும் கூறும் சரக சங்கிதை வைத்தியனை முதலிலும் நோயாளியை இறுதியிலும் வைத்துள்ளது. யாப்பின் தேவையே இவ்வரிசைகளுக்குக் காரணமாயிருத்தல் கூடுமாயினும், இருபதாம் நூற்றாண்டின் வைத்திய உலகம் 'இணங்குத'லிலிருந்து 'உடன்பாட்டு'க்கு நகர்ந்த பாதை, இறுதியில் நின்ற நோயாளியை முன்னுக்குக் கொணர்ந்த பாதையேயாகும். அப்பாதை இன்னும் முடிவடையவில்லை. நோயாளியின் நம்பிக்கைகள் யாவும் சரியானவை என்பது இதன் பொருளன்று. அவற்றுட் சில உயிரைப் பறிக்கும் பிழைகள். ஆயின் அப்பிழைகளும் கேட்டாலன்றி வெளிவருவதில்லை. எத்தனை மில்லிகிராம் எனச் சீட்டில் எழுதுவதற்கு முன், இம்மருந்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என வினவுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதனை வார்பரினின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.